வெயில் முதுகில் இருக்கட்டும்: ஏரியில் ஒரு பிற்பகல்

போச்சம்பள்ளி சிப்காட்டிலும் ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் முதல் ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது மணி இரண்டரை ஆகிவிடும். பறவை பார்க்க ஆசை இருந்தும் விடியற்காலை வாய்க்காதவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்கள் ஏங்க வேண்டியதில்லை. மரங்களுக்குள் திரியும் சிறு பறவைகளுக்குத்தான் காலை நேரம் முக்கியம். கொக்கு, நாரை, உள்ளான் போன்ற நீர்ப்பறவைகள் உச்சி வெயிலில் ஒடுங்கிக் கிடந்து, வெயில் இறங்கியதும் மறுபடி இரைக்கு இறங்குகின்றன. பொழுது சாயும்போது அடைவதற்காகக் கூட்டம் கூட்டமாகத் திரும்புகின்றன. மூன்று மணியிலிருந்து ஆறரை மணி வரை ஓர் ஏரியில் ஒழுங்காக நின்றால், அவை இரை எடுப்பதையும் அடைவதையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் கிடையாது. ஈரோட்டில் வெள்ளோடு இருக்கிறது. திருப்பூரில் நஞ்சராயன் ஏரி 2022-இல் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது. நமக்கு இருப்பவை பாசன ஏரிகளும் அணைகளும்தான். நாகரசம்பட்டியில் இருந்து புறப்படுகிறவருக்குப் பாரூர் பெரிய ஏரி பக்கம். தென்பெண்ணையின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் அதை நிரப்புகிறது. இன்னும் மேலே, ஆற்றின் குறுக்கே 1957-இல் காமராஜர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணை, 52 அடி நீர்மட்டம் கொள்வது. இவை தவிர ஊருக்கு ஊர் சின்ன ஏரிகள். பறவை பார்க்க வருகிறவர்களுக்கென்று பெயர்ப்பலகை, நுழைவுச்சீட்டு, பார்வைக் கோபுரம் எதுவும் இந்த இடங்களில் இல்லை. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் ஏரியைப் படிக்கத் தெரிய வேண்டும். பறவைகளின் பெயர்களை அதற்குப் பிறகு கற்றுக்கொண்டால் போதும்.

எங்கே நிற்பது

தமிழ்நாட்டின் நிலம் பொதுவாக மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது. ஏரிக்கரையைத் தண்ணீர் ஓடிப்போகும் தாழ்ந்த பக்கத்தில்தான் கட்டுவார்கள். ஆகவே பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கிலோ, கிழக்கை ஒட்டிய மூலையிலோ அமைந்திருக்கும். வண்டி நிறுத்த இடம், நிழல் மரம், ஐயனார் கோயில் எல்லாம் கரையில்தான் இருக்கும். புதிதாக வருகிறவர் நேராக அங்கே போய் நிற்கிறார். பிற்பகலில் சூரியன் அவருக்கு எதிரே. தண்ணீர் முழுக்கத் தகதகவென்று கண்ணைக் கூசுகிறது. அதன்மேல் இருக்கும் பறவை எல்லாம் கறுப்பு உருவமாகத் தெரிகிறது. புள்ளிமூக்கு வாத்துக்கும் நாமக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாமல், ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று திரும்பிப் போய்விடுகிறார்.

சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போங்கள். அதாவது ஏரியின் உள்வாய்ப் பக்கம், நீர்வரத்துக் கால்வாய் வந்து சேரும் பக்கம். வெயில் உங்கள் முதுகில் விழும். பறவைகளின் மேல் நேராக விழும். கால் சிவப்பா மஞ்சளா, அலகு வளைந்ததா நேரானதா என்பதெல்லாம் துலக்கமாகத் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. கரையை ஒட்டி ஆழம். உள்வாயில் முழங்கால் தண்ணீர், சேறு, ஈரப் புல். பறவைகளில் முக்கால்வாசி அங்கேதான் மேய்கின்றன. மலைச்சரிவு குறுக்கிட்ட இடங்களில் கரை வேறு திசையில் அமைந்திருக்கலாம். கிளம்பும் முன் கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நேர்க்கோடாகத் தெரியும் கரை எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை. அன்றைய பிற்பகலின் பலன் பாதிக்குமேல் அதில் அடங்கியிருக்கிறது.

உள்வாய்க்குப் பெரும்பாலும் யாருடைய வயல் வரப்பிலோ நடந்துதான் போக வேண்டியிருக்கும். கேட்டுவிட்டுப் போங்கள். “ஐயா, இப்படியே போனா ஏரித் தண்ணிகிட்ட போலாங்களா? கொக்கு, நாரை பாக்க வந்தோம்” என்றால் போதும். “பாக்கவா தம்பி, சுடவா?” என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏரிப் பக்கம் வலையும் துப்பாக்கியுமாக வந்துபோனவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கைப் பிடிப்பதும் குற்றம் என்பதை அந்த இடத்திலேயே மரியாதையாகச் சொல்லலாம். தொலைநோக்கியைக் கழற்றி அவர் கையில் கொடுங்கள். தினமும் பார்க்கிற நாரையை அவர் அதில் ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால், அடுத்த முறை எந்த மூலையில் என்ன வந்திருக்கிறது என்ற தகவல் அவரிடமிருந்தே வரும். எந்த நூலிலும் அந்தத் தகவல் இருக்காது.

எந்தத் தண்ணீரில் எது

ஏரியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கண்ணில் பட்டதைத் துரத்திக்கொண்டு ஓடினால் எதுவும் மனதில் தங்காது.

கரையோரத்து ஆழ நீர் முங்கிப் பிடிப்பவற்றுக்கு உரியது. முக்குளிப்பான் உருண்டையாக, வாலே இல்லாததுபோல் மிதக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய் வேறிடத்தில் எழும். சின்ன நீர்க்காகம் முதுகு தண்ணீரோடு ஒட்ட நீந்தும். பாம்புத்தாராவுக்கு உடம்பு முழுக்க மூழ்கி, கழுத்து மட்டும் வெளியே நிற்கும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். பாம்புத்தாராவுக்கு அது ஈட்டி. ஒன்று மீனைக் கவ்வுகிறது, மற்றது குத்துகிறது. இரண்டும் பிறகு கருவேல மரத்தில் ஏறி இறக்கையை விரித்து வெயிலில் காயவைக்கும். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களைத் தொலைநோக்கியால் ஒன்றொன்றாக அலசுங்கள். இலைமறைவில் வக்கா தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சம்பும் கோரையும் அடர்ந்த ஓரங்களில் பொறுமை வேண்டும். நீலத் தாழைக்கோழி, கானாங்கோழி, செந்நாரை எல்லாம் உள்ளே இருக்கும், வெளியே வராது. ஓரிடத்தில் அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தாமாக வரும். அல்லி இலையும் பாசியும் மூடிய இடத்தில் தாமிர இறக்கை இலைக்கோழியைத் தேடுங்கள். நீண்ட விரல்களால் எடையைப் பரப்பி இலைமேல் நடக்கும் பறவை அது. முட்டையை அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். ஆகாயத்தாமரை ஏரியை முழுக்க மூடிவிட்டால் முங்கிப் பிடிக்கும் பறவைகளுக்கு இடம் போய்விடும். நகரக் கழிவு வந்து சேரும் ஏரிகளில் இந்தச் செடி வேகமாகப் பரவுகிறது.

மதகுக்குக் கீழே, கால்வாயில் தண்ணீர் விழும் இடத்தில் மீன்கொத்திகள். மூன்று வகை எளிதில் கிடைக்கும். வெண்மார்பு மீன்கொத்தி உடம்பெல்லாம் பழுப்பும் நீலமுமாக மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். சின்ன மீன்கொத்தி குருவி அளவில், நீலக் கோடாகத் தண்ணீரை ஒட்டிப் பறக்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி மட்டும் அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அங்கிருந்து தலைகீழாக விழும். ஏரி கோடி போகும் நாட்களில் கலங்கல் கற்களைப் பாருங்கள்: வழியும் நீரில் ஏறிவரும் மீனுக்காகச் சின்ன வெள்ளைக்கொக்குகளும் மடையான்களும் கல்லுக்கு ஒன்றாக நிற்கும், நடுவே வெண்புருவ வாலாட்டி ஓடித் திரியும்.

வெள்ளைக்கொக்குகளில் எல்லோரும் குழம்புகிறார்கள். சின்ன வெள்ளைக்கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள்; அது காலைத் தூக்கும் கணத்துக்காகக் காத்திருங்கள். உண்ணிக்கொக்குக்குக் கழுத்து குட்டை, அலகு மஞ்சள். மாட்டுக்குப் பின்னாலோ உழும் டிராக்டருக்குப் பின்னாலோ நடக்கும். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் வாயைப் பாருங்கள். பெரியதற்கு வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும்; நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழே நின்றுவிடும். இதற்கும் வெயில் உங்கள் முதுகில் இருந்தாக வேண்டும்.

உள்வாய்ச் சேறுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நவம்பரிலிருந்து மார்ச் வரை பொறி உள்ளான், பச்சைக்கால் உள்ளான், நீலச்சிறகி வாத்து என்று வடக்கிலிருந்து வந்தவை அங்கே இருக்கும். சிவந்த நெட்டைக்கால்களுடன் நெடுங்கால் உள்ளான் ஆண்டு முழுக்க இருக்கும். உள்ளான் வகைகளை முதல் நாளிலேயே பிரிக்க முயலாதீர்கள், பழகியவர்களுக்கே திணறல். பிற்பகல் முழுக்க ஒரே ஒரு பறவையைக் கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் நான் நத்தைக்குத்தி நாரையைச் சொல்வேன்.

நத்தைக்குத்தி சாம்பல் கலந்த வெள்ளை உடம்பும் கறுப்பு இறக்கையுமாக ஆடாமல் நிற்கும். அலகின் நடுவில் ஓர் இடைவெளி. அதன் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நொறுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கிட்ட இருந்து பார்த்தால் நடப்பது வேறு. தலையைச் சேற்றுத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவும். ஆப்பிள் நத்தை அகப்பட்டதும் மேலலகால் அதைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கீழலகின் கூரிய நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தித் தசையை வெட்டும். தலை பலமுறை தண்ணீருக்குள்ளேயே ஆடும். வெளியே வரும்போது அலகில் வெறும் சதை. ஒரு குலுக்கல், விழுங்கிவிடும். அது நின்ற இடத்தில் போய்ப் பார்த்தால் ஓடு பெரும்பாலும் உடையாமல் முழுதாகக் கிடக்கும். இளம் நாரைகளுக்கு அலகில் இடைவெளி கிடையாது; வளர வளரத்தான் உண்டாகிறது. இடைவெளி இல்லாமலே அவையும் நத்தை தின்கின்றன. நெல் நாற்றைத் தின்னும் நத்தையை அள்ளிக்கொண்டு போகும் பறவை நம் வயலுக்கு எவ்வளவு வேண்டியது என்பதை உழவர்களிடம் பேசும்போது சொல்லத் தயங்காதீர்கள்.

எப்போது போவது

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறநகரைத் தொட்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணை வழியாக நம்மிடம் வருகிறது. கர்நாடகத்தில் மழை பெய்தாலும் நம் ஏரிக்குத் தண்ணீர் வரும். நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்தாலும் வரும். எனவே நாள்காட்டியைவிட நீர்மட்டத்தைப் பார்த்துக் கிளம்புவதுதான் சரி. ஏரி ததும்பினால் உள்வாய்ச் சேறு மூழ்கிவிடும். நடந்து மேயும் பறவைகள் வயல்களுக்குச் சிதறிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு சில வாரங்கள் ஏரியில் வெறும் தண்ணீர்தான் தெரியும். பாசனத்துக்குத் திறந்துவிட்டு மட்டம் இறங்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு வாரமும் புதுச் சேறு வெளிப்படும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான அந்த இறக்கம்தான் உள்ளான்களுக்குப் பொற்காலம். ஏப்ரல், மே மாதங்களில் குட்டையாகச் சுருங்கிய நீரில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் மீனுக்காகக் குவிவதும் உண்டு. அப்போது வலசை வந்தவை கிளம்பியிருக்கும், வெயிலும் தாங்காது.

கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் ரசாயன நுரை பொங்கிப் போவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நுரை போகும் நாட்களில் ஆற்றில் இறங்காதீர்கள். கழிவைத் தாங்கும் பறவைகளும் உண்டு, தாங்காதவையும் உண்டு. நெடுங்கால் உள்ளான் கழிவுநீர்க் குட்டையிலும் மேயும். தெளிந்த நீரில் மீனைப் பார்த்துப் பிடிக்கும் ஆற்று ஆலாவுக்கு அது முடியாது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எந்தப் பறவை கூடுகிறது, எது குறைகிறது என்று எழுதிவைத்தால், தண்ணீரின் நிலை தானாகவே அதில் பதிவாகும். தொழிற்பேட்டைகளுக்கு நடுவே வாழும் நமக்கு இந்தக் கணக்கு மிகவும் தேவை.

கிருஷ்ணகிரி அணைக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பூங்காவுக்கும் மீன் வறுவலுக்கும் வரும் கூட்டத்தில் பறவைகள் நடுத்தண்ணீருக்கு ஒதுங்கிவிடும். அணையின்மேல் நீர்வளத் துறை தடுத்திருக்கும் இடங்களுக்குள் நுழையக் கூடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். போச்சம்பள்ளியிலும் ஞாயிற்றுக்கிழமை சந்தை. சாலை நெரிசல் நேரத்தைத் தின்றுவிடும். வார நாள் பிற்பகல்தான் உத்தமம். ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த விஷயத்தில் வசதி அதிகம்.

கையில் என்ன

தொலைநோக்கி ஒன்று கட்டாயம். 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு காட்டுவதை வாங்கத் தோன்றும். கை நடுக்கமும் பத்து மடங்காகும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5-க்குச் சற்று மேல் வருகிறது. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 8×25 சின்னக் கருவியில் அது 3-ஐத்தான் தொடும். மாலை மங்கலில் அதனால் பயனில்லை. பிற்பகல் பார்வையாளருக்கு அந்தக் கடைசி அரை மணி நேரம்தான் உயிர் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வாங்கியதும், வலது கண்ணை மூடி நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்பகுதியில் இருக்கும் வளையத்தைத் திருப்பி அதற்குத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மங்கலாகப் பார்க்கிறவர்கள் உண்டு.

தமிழில் கையேடு வேண்டுமென்றால் ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ போதும். சாலிம் அலியின் நூல் 1941-இல் முதலில் வந்தது. இன்றும் பறவையின் நடத்தையைச் சொல்லித் தருவதில் அதற்கு நிகர் குறைவு. தொப்பி, தண்ணீர், மங்கிய நிறச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, ஒரு டார்ச். தின்பதற்கு நிப்பட்டு எடுத்துக்கொண்டால் உறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏரிக்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைவிடப் பறவைக்கு ஆபத்தானது அறுந்த தூண்டில் நரம்பு. கண்ணில் பட்டால் சுருட்டி எடுத்து வாருங்கள்.

பிற்பகல் நகரும் விதம்

மூன்று மணிக்கு ஏரியை எட்டினால் வெயில் இன்னும் கடுமையாக இருக்கும். தண்ணீர்ப் பரப்பின் மேல் கானல் ஆடும். தொலைவில் இருப்பது எதுவும் நிலையாகத் தெரியாது. அந்த நேரத்தை மாந்தோப்பில் செலவிடுங்கள். நாகரசம்பட்டி, பாரூர்ப் பக்கம் தோப்புகளுக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் மாங்குயில், மாம்பழச்சிட்டு, பஞ்சுருட்டான், கரிச்சான் என்று நிழலிலேயே பட்டியல் தொடங்கிவிடும். மா பூக்கும் மாதங்களில் மருந்தடிப்பார்கள். ஸ்பிரேயர் சத்தம் கேட்டால் அந்தத் தோப்பை விட்டு விலகிப் போங்கள்.

மூன்றரை, நான்கு மணிக்கு உள்வாய். முதலில் தொலைநோக்கியை எடுக்காமல் வெறுங்கண்ணால் ஏரி முழுவதையும் ஒருமுறை பாருங்கள். எங்கே கூட்டம், எங்கே வெறுமை, மேலே செம்பருந்தோ சேற்றுப் பூனைப்பருந்தோ சுற்றுகிறதா? பூனைப்பருந்து தாழ்வாக வந்தால் வாத்துகள் எல்லாம் ஒரேயடியாக எழும். எண்ணுவதற்கு அதைவிட நல்ல தருணம் இல்லை. பிறகு இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குத் தொலைநோக்கியால் மெதுவாக அலசுங்கள். ஒரு பறவையைப் பார்த்ததும் அளவு, கால், அலகு, என்ன செய்கிறது என்று வரிசையாகக் கவனியுங்கள். நிறத்தைக் கடைசியில் வையுங்கள். மாலை வெயில் எல்லா வெள்ளையையும் பொன்னாக்கிவிடும். நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். அளவுக்கு மைனா, காகம், மடையான் மூன்றையும் அளவுகோலாக மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் அதுதான் எல்லை. அங்கே நின்றுவிடுங்கள், அது மறுபடி தலையைக் குனிந்தால் நீங்கள் சரியான தூரத்தில் இருக்கிறீர்கள். செம்மூக்கு ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டால் பக்கத்தில் கூடோ குஞ்சோ இருக்கலாம். வெறும் தரையில் கூழாங்கல் போன்ற முட்டை. மிதித்த பிறகுதான் தெரியும். வந்த வழியே திரும்புங்கள். படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்கவிடும் பழக்கம் இப்போது பெருகிவருகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்காகக் கொழுப்புச் சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் உண்மையான நஷ்டம். கூட வந்தவர் செய்தாலும் தடுங்கள்.

ஐந்து மணிக்கு மேல் இடத்தை மாற்றுங்கள். இப்போது கரைக்குப் போகலாம். சூரியன் தாழ்ந்து கூச்சம் குறைந்திருக்கும், பறவைகள் வானத்தில் வரப்போகின்றன. இந்தப் பகுதியில் நவம்பர் கடைசியில் 5.45-ஐ ஒட்டியும் ஜனவரி நடுவில் 6 மணிக்குச் சற்றுப் பின்னும் சூரியன் மறைகிறது. அதற்கு முக்கால் மணி முன்பே வரத்து தொடங்கிவிடும். உண்ணிக்கொக்குகள் வயல்களிலிருந்து தாழ்வாக, வளைந்த வரிசையில். நீர்க்காகங்கள் இன்னும் உயரத்தில், வேகமாக. தகைவிலான்கள் கோரைக்கு மேல் கொசுவைத் துரத்திச் சுழன்றுவிட்டு, ஒரே கணத்தில் உள்ளே விழுந்து அடங்கும். பெரிய கூட்டம் வந்தால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த அளவை வைத்தே கூட்டத்தை அளந்துகொண்டு போங்கள். சில வாரங்களில் கண் பழகிவிடும்.

எல்லாம் அடங்கும் அந்த நேரத்தில்தான் வக்கா கிளம்பும். பகலெல்லாம் கருவேலத்தில் உறங்கியது ஒவ்வொன்றாக எழுந்து, ‘குவாக்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்துவிட்டு, மற்றவை வரும் திசைக்கு எதிர்த்திசையில் போகும். ஒரே ஏரியை, ஒரே மீனை, இரவென்றும் பகலென்றும் இரு கூட்டங்கள் பங்கிட்டுக்கொள்வதை நேரில் பார்க்கும் இடம் இது. இதைப் பார்க்காமல் அவசரப்பட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் இருட்டும் வரை நிற்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அக்டோபரிலிருந்து கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர், சானமாவுக் காட்டுக்கு வருகின்றன. சூளகிரி, கிருஷ்ணகிரி அணைப் பகுதிவரை அவை இறங்கிய ஆண்டுகளும் உண்டு. அந்தப் பக்கத்து ஏரிகளில் ஐந்து மணிக்கே வண்டிக்குத் திரும்பிவிடுங்கள், ‘யானை இருக்கா?’ என்று ஊரில் விசாரிக்காமல் போகவே கூடாது. பாரூர்ப் பக்கம் கவனிக்க வேண்டியது கண்ணாடி விரியன். கரைக் கற்களிலும் வரப்பிலும் இருட்டியதும் வரும். டார்ச்சைக் கையில் வைத்திருந்தால் போதாது, போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்.

பார்த்ததை எங்கே வைப்பது

அன்றிரவே குறிப்பை எழுதிவிடுங்கள். நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், நீர்மட்டம், பறவை, எண்ணிக்கை. ஈபேர்ட் என்ற இணையத் தளத்திலும் அதன் கைபேசிச் செயலியிலும் இதையே பதியலாம், இலவசம். ‘பார்த்த எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேனா’ என்று அது கேட்கும். ஆம் என்று சொல்லும்படி பாருங்கள். அபூர்வமானதை மட்டும் எழுதி, காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் அந்தப் பட்டியல் ஆய்வுக்கு அதிகம் உதவாது. உறுதியாகத் தெரியாததை ‘உள்ளான் வகை’ என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

ஜனவரி மாதம் இதற்கென்றே அமைந்தது. பொங்கல் விடுமுறை நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இலிருந்து நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எண்ணிப் பதிந்தால் நீங்களும் அதில் சேர்ந்தவர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். வனத்துறையும் நீர்ப்பறவைகளை அந்தப் பருவத்தில் கணக்கெடுக்கிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. மாவட்ட வன அலுவலகத்தில் டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள்.

வேடந்தாங்கலுக்கு ஒருமுறை கட்டாயம் போய்வாருங்கள். கூடு கட்டும் நாரைகளைக் கோபுரத்தின் மேலிருந்து பார்ப்பது தனி அனுபவம். அந்த ஊரார் 1798-லேயே கலெக்டரிடம் ‘கவுல்’ என்ற உரிமைப் பத்திரம் வாங்கித் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்தவர்கள். எச்சம் கலந்த தண்ணீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு அறிவிப்புக்கு வெகு முன்னரே ஒரு பாசன ஏரியை ஊர்க்காரர்கள் சரணாலயமாக வைத்திருந்தார்கள். நம் பக்கத்து ஏரிகளுக்கு அப்படி நேர வேண்டுமென்றால், எந்த ஏரியில் எப்போது எத்தனை பறவை என்ற எழுத்துக் கணக்கு யாரிடமாவது இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி அணை போன்ற பெரிய இடங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன ஏரிகளுக்குத்தான் ஆள் இல்லை. ஆகவே உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு பிற்பகல் அதற்கே ஒதுக்குங்கள். ஈபேர்டில் அதற்கு இடப்பெயர் இன்னும் இல்லையென்றால், ஊர்க்காரர்கள் அந்த ஏரியை என்ன பெயரில் அழைக்கிறார்களோ அந்தப் பெயரிலேயே, ஊர்ப் பெயரும் சேர்த்துப் புதிதாகப் பதியுங்கள். அடுத்து வருகிறவர் அதே பெயரில் தேடி அதே இடத்துக்கு வந்து சேர அது உதவும்.